எந்த நிறுவனத்திற்குத் தரகு பேசுவது?

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் மாலைநேரக் கணிப்பொறி வகுப்பில் பயின்று, வலைத்தளம் அமைக்கக் கற்றுக்கொண்ட இளைஞர் சிலர் அண்மைக்காலமாக ஒரே வினாவை நம்மிடம் எழுப்பி வருகின்றனர். வெப் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் அஃபிலியேட் திட்டங்களை நடத்துகின்றனவே, அவற்றுள் எதனைத் தெரிந்தெடுத்து நாங்கள் பரப்புவது என்பதே அவ்வினா. விழா மேடையில் பேசுவதற்கு இது மிகச் சிறிய பொருள் என்று எண்ணுவோரும் இவ்வரங்கில் இருத்தல் கூடும். நல்ல வேலை கிடைக்கும்வரை வீட்டிற்குச் சுமையாக இராமல் மாதம் சில ஆயிரமேனும் ஈட்ட விரும்பும் பட்டதாரிக்கு இது சிறிய பொருளன்று. ஆதலின் இன்று இதனையே பேசுவோம்.

மூத்தோர்க்காக முதற்கண் ஒரு விளக்கம். வலைத்தளம் என்பது எங்கோ ஓரிடத்தில் இரவும் பகலும் ஓயாது இயங்கும் கணிப்பொறியொன்றில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். அக்கணிப்பொறியில் இடத்தை வாடகைக்கு விடுவதே ஹோஸ்டிங். அவ்வாறு விடும் நிறுவனம் நமக்கென ஒரு தனி லிங்க் அளிக்கிறது. நாம் பரப்பும் அந்த லிங்க் வழியே சென்று ஒருவர் இடம் வாங்கினால் நமக்கு ஒரு தொகை வருகிறது. அமேசான் நிறுவனம் புத்தக விற்பனைக்காக 1996இல் இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கிய பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது. பெயர்தான் அஃபிலியேட், செய்யும் தொழில் தரகு. தரகு என்று சொன்னால் இளைஞர் முகஞ்சுளிக்கின்றனர். சுளிக்க வேண்டுவதில்லை. எனினும் மாட்டுச் சந்தையைக் கண்ட பெரியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார் தரகர். விற்பவனுக்கும் தரகருக்கும் தெரிந்த தொகை, வாங்குபவனுக்குத் தெரியாமற் போவதுண்டு. இக்காலத் தரகிலும் அத்துண்டு இருக்கிறது.

அதனை நாம் நூலிற் படித்து அறிந்தோமில்லை. நம் சங்கத்திற்கென வலைத்தளம் ஒன்று வேண்டுமென்று முடிவு செய்தபொழுது, நம்மிடம் பயின்ற தம்பி ஒருவரே முன்வந்து அனைத்தையும் செய்து தந்தார். மலிவான கட்டணம், மூன்றாண்டுத் தொகையைச் சேர்த்துக் கட்டினோம். கல்வி உதவித்தொகை அறிவிப்புகள், விடுதிச் சேர்க்கை விவரங்கள் யாவும் அதில் வந்தன. மூன்றாண்டு கழிந்ததும் புதுப்பிப்புக் கட்டணமாக முன்னதினும் மும்மடங்குக்கு மேற்பட்ட தொகை கேட்டு ஓர் அஞ்சல் வந்தது. அவ்வஞ்சலும் வேலையின் பொருட்டு வெளியூர் சென்றுவிட்ட அத்தம்பியின் முகவரிக்கே போயிற்று. செயற்குழு கூடி, பொருளாளர் ஒப்புதலளித்துப் பணம் கட்டுவதற்குள் ஐந்து வாரங்கள் வலைத்தளம் இருண்டு கிடந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பருவம் அது. எத்தனை பிள்ளைகள் அறிவிப்பைக் காணாமல் விட்டனர் என்பதை எண்ணிச் சொல்ல நம்மால் இயலவில்லை. அந்நிறுவனத்தை நமக்குக் கூறியதற்காகத் தமக்கொரு தரகு கிடைத்தது என்பதைத் தம்பியே பின்னர் வந்து சொன்னார். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று அவரும் பார்க்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

தரகு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மாதம் 3 டாலர் என்ற அறிமுக விலையில் ஒருவர் ஓராண்டுக்குச் சேர்ந்தால் அவர் கட்டுவது 36 டாலர். அவரைக் கூட்டிவந்த தரகருக்கு 65 டாலர் அளிக்கும் திட்டங்கள் நெடுங்காலம் நடந்துவந்துள்ளன. புளூஹோஸ்ட் நிறுவனத்தின் திட்டம் இதற்கு அறியப்பட்ட சான்று. வந்த பணத்தினும் மிகுதியாக ஒரு வணிகன் ஏன் தரகு கொடுக்கிறான்? வந்தவர் எளிதிற் போகமாட்டார் என்ற துணிவினால்தான். வலைத்தளத்தை ஓரிடத்தினின்று வேறிடத்திற்கு மாற்றுவது தொழில் தெரியாதவர்க்குப் பெருந்தொல்லை. முதலாண்டு இலவசமாகக் கிடைத்த டொமைன் பெயரும், மின்னஞ்சல்களும், கோப்புகளும் அங்கேயே சிக்கிக் கிடக்கும். ஆதலின் கேட்ட தொகையைக் கட்டிவிட்டு இருந்துவிடுவர். நம் கைக்கு வரும் தரகு, நாம் அழைத்துச் சென்றவர் பின்னாளிற் கட்டப்போகும் புதுப்பிப்புக் கட்டணத்தின் முன்பணமேயாகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்டவை. மாதம் 149 ரூபாய் என்று விளம்பரம் கூறும். அவ்விலை நான்காண்டுக்குச் சேர்த்துக் கட்டினால்தான். ஆக 48 மாதங்களுக்கு 7,152 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து ஏறத்தாழ 8,439 ரூபாய் ஆகிறது. தரகு 40 விழுக்காடு என்றால் நமக்கு 2,860 ரூபாய். புதுப்பிக்கும்பொழுது மாதம் 499 ரூபாய் ஆகுமெனில், அடுத்த நான்காண்டுக்கு வரி நீங்கலாகவே 23,952 ரூபாய். தெருமுனைத் தையற்கடைக்காரர், ஒளிப்படக்கூடம் வைத்திருப்பவர், போட்டித்தேர்வு வகுப்பு நடத்துபவர் ஆகியோரே நம் லிங்க் வழியே செல்லப்போகிறவர்கள். "நம்ம பையன் படிச்சவன், தெரியாமலா சொல்வான்" என்று நம்பிப் போகிறவர்கள். அந்த 23,952 ரூபாயை அவர்களிடம் முன்னரே சொல்ல இயலுமா? சொன்ன பின்னும் அவர்கள் வாங்குவார்களெனில் அத்திட்டத்தைத் தாராளமாகப் பரப்பலாம்.

எனவே திட்டத்தைத் தெரியும்பொழுது தரகுப் பக்கத்தை முதலிற் படிக்காதீர்கள். புதுப்பிப்புக் கட்டணப் பக்கத்தை முதலிற் படியுங்கள். ரூபாயில் விலை கூறுகிறார்களா, யு.பி.ஐ. வழியே பணம் ஏற்கிறார்களா என்று பாருங்கள். கடன் அட்டை நம்மவரில் எத்தனை பேரிடம் இருக்கிறது? அட்டை இருப்பினும், ரிசர்வ் வங்கி வகுத்து 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அட்டைதாரர் முறையாகப் பதிவு செய்து ஒப்புதல் தராமல் ஆண்டுக் கட்டணத்தைத் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அயல்நாட்டு நிறுவனத்தில் இடம் வாங்கியவர், பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றெண்ணி இருந்துவிடுவதும் உண்டு. பழுது நேர்ந்தால் உதவிக்கு வருபவர் எத்துணை விரைவில் வருகிறார் என்பதை, வாங்குமுன் ஒரு நள்ளிரவில் நீங்களே கேள்வி அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். கூடுமாயின் நீங்களே சில மாதம் அங்கு ஒரு வலைத்தளத்தை வைத்திருந்து பாருங்கள். சொந்த லிங்க் வழியே வாங்கினால் தரகு தராத திட்டங்களே பெரும்பான்மை. ஆதலின் அச்செலவு உங்களுடையதே.

"சிறந்த பத்து நிறுவனங்கள்" என்னும் பட்டியல்களைப் பற்றியும் ஒரு சொல். பெயர் பலவாயினும் முதலாளி ஒருவராக இருப்பதுண்டு. அமெரிக்காவின் என்டியூரன்ஸ் குழுமம் 2010இல் புளூஹோஸ்டையும் 2012இல் ஹோஸ்ட்கேட்டரையும் வாங்கியது. நம் நாட்டிற் பலரும் அறிந்த பிக்ராக் 2014இல் அதன் கைக்குப் போயிற்று. 2021இல் அக்குழுமம் வெப்.காம் நிறுவனத்தோடு இணைந்து நியூஃபோல்டு டிஜிட்டல் என்று பெயர் பெற்றது. 2013 ஆகஸ்டில் யூட்டா மாநிலத்துப் புரோவோ நகரிலிருந்த தரவு மையமொன்று பழுதுபட்டபொழுது, புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டிலும் இருந்த எண்ணற்ற வலைத்தளங்கள் ஒரே நேரத்தில் நின்றுபோயின. ஒன்றில் இடர்ப்பட்டு மற்றொன்றுக்கு மாறியவர் அதே வீட்டின் மற்றொரு வாயிலுக்குள் நுழைந்திருக்கக் கூடும்.

இனித் தரகின் விதிகளுக்கு வருவோம். ஒருவர் நம் லிங்க்கைத் தொட்டதும் அவருடைய கருவியில் குக்கி என்னும் அடையாளம் பதிகிறது. அது 30 நாள், 60 நாள், 90 நாள் என நிறுவனத்திற்கேற்ப உயிரோடிருக்கும். வாட்ஸ்அப்பில் கைப்பேசியிற் பார்த்தவர், பின்னர் இணைய மையத்துக் கணிப்பொறியில் வாங்கினால் அவ்வடையாளம் அங்கிராது, தரகும் வராது. நம்மவரிடையே இவ்விழப்பு மிகுதி. வாங்கியவர் பணத்தைத் திரும்பப் பெறும் காலம் கழியும்வரை தரகை நிறுத்தி வைப்பார்கள். 50 அல்லது 100 டாலர் சேரும்வரை அனுப்பாத திட்டங்களும் உண்டு. இரண்டு பேரை மட்டும் சேர்த்துவிட்டு மூன்றாமவருக்காக ஓராண்டு காத்திருந்தவரை நாம் அறிவோம். ஒருமுறை பெருந்தொகை தருவது ஒரு வகை. வாங்கியவர் இருக்கும்வரை மாதந்தோறும் சிறு பங்கு தருவது மற்றொரு வகை. கின்ஸ்டா போன்றவை இரண்டையும் கலந்து, மாதப்பங்கு 10 விழுக்காடு என்று அறிவித்தவை. ஆயினும் கின்ஸ்டாவின் விலை தையற்கடைக்குரியதன்று. நம் கருத்தில் மாதப்பங்கு முறையே மேல். வாங்கியவர் மனநிறைவோடு நீடித்தால்தான் நமக்கும் வருவாய் நீடிக்கும். விரைவிற் பணம் வேண்டுவோர் இதனை ஏற்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

துண்டைப் பற்றிச் சொன்னோமல்லவா? அதனை விலக்கச் சட்டமே இப்பொழுது கூறுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள், பொருளைப் பரிந்துரைப்பவர் விற்பவரோடு தமக்குள்ள பணத்தொடர்பை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்கின்றன. தவறான விளம்பரத்திற்குத் துணைநிற்பவர்க்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்க இச்சட்டத்தில் இடமுண்டு. லிங்க்கின் பக்கத்திலேயே, தமிழிலேயே, "இதன்வழி வாங்கினால் எனக்குத் தரகு கிடைக்கும்" என்று எழுதிவிடுங்கள். எழுதினால் வாங்கமாட்டார்கள் என்று ஒரு தம்பி அஞ்சினார். பெண்ணுக்கு வரன் பார்த்துத் தருபவர்க்கும் வீடு பார்த்துத் தருபவர்க்கும் கூலி உண்டென்பதை நம் ஊரார் அறியாதவரா? கூலியைப் பற்றி அவர்களுக்கு வருத்தமில்லை. மறைத்ததாகத் தெரிந்தால்தான் வீடு தேடி வந்து கேட்பார்கள்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். டொமைன் பெயரையும் கணக்கையும் வாங்குபவரின் சொந்த மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலும் பதிவு செய்து, கடவுச்சொல்லை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். புதுப்பிக்கும் நாளையும் தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கடைச்சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

அடுத்த ஞாயிறு மாலை சங்கத்தின் படிப்பகத்தில் கூடுவோம். நீங்கள் தெரிந்தெடுக்க எண்ணியுள்ள நிறுவனத்தின் புதுப்பிப்புக் கட்டணப் பக்கத்தையும் தரகு ஒப்பந்தத்தையும் அச்செடுத்துக்கொண்டு வாருங்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் நீளமாகத்தான் இருக்கும். வரிவரியாக உடனிருந்து படிப்போம். நம் வலைத்தளத்தை அமைத்துத் தந்த தம்பியும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்.