ஏட்டில் காத்திருந்த கதை
(விழா அரங்கில் சிறுவர் கதை எழுத்தாளர் ஒருவர் ஆற்றிய உரை)

சமணப் பெருமக்களே!

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சி என் ஊர். சிறுவர்களுக்குக் கதை எழுதி வருகிறேன். 'கையில் காசில்லாத காலத்தில் குழந்தைக் கதை எழுதி என்ன பயன்?' என்று பலர் என்னைக் கேட்பதுண்டு. நானே என்னைக் கேட்டுக்கொண்ட நாளும் உண்டு. அதற்குக் கிடைத்த விடையையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, புத்தகக் காட்சிகள் நின்றன. சனவரியில் நடைபெற வேண்டிய 2021-ஆம் ஆண்டின் சென்னைப் புத்தகக் காட்சி பிப்ரவரி இறுதிக்குத் தள்ளிப்போயிற்று. அதன்பின் தாளின் விலையும் ஏறிற்று. வீட்டுச் செலவைச் சுருக்க வேண்டிய நிலை வந்தால், அரிசியையும் மருந்தையும் குறைக்க முடியாது, கதைப்புத்தகத்தைத்தான் குறைப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல இயலாது. அந்நாளில் என் கதையொன்று பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்தது. வண்ணப் படங்களுடன் அச்சிட்டால் கட்டுப்படியாகாது என்றார்கள். அவர்கள் கூறியது உண்மையே. எனினும் அன்றிரவு எழுதுகோலை மூடிவைத்தவன், பல வாரங்கள் அதைத் திறக்கவில்லை.

அப்போது எனக்கு ஆறுதல் தந்தவர், என் ஊரில் முன்பு வாழ்ந்த பெரியவர் ஒருவர். இத்தாலியில் 1680-இல் பிறந்து, தமிழகம் வந்து, ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவரையே சொல்கிறேன். அவருடைய சமயம் வேறாயினும், அவர் ஆற்றிய தமிழ்த்தொண்டு நம் அனைவருக்கும் பொது. 1732-இல் சதுரகராதியைத் தொகுத்த அவரே பரமார்த்த குரு கதையையும் எழுதினார். ஆற்றைக் கடக்க அஞ்சிய அந்தக் குருவும், அவருடைய ஐந்து சீடர்களும் எத்தனை தலைமுறைக் குழந்தைகளைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள்!

ஆனால் அக்கதை குழந்தைகளுக்காக எழுதப்பட்டதன்று. தமிழ் கற்க வந்த அயல்நாட்டார் பேச்சுநடையைப் பழகுவதற்காக எழுதப்பட்டது. முனிவர் 1747-இல் மறைந்தார். பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அதனை அச்சேற்றியது 1822-இல். இடையே 75 ஆண்டுகள் கதை ஏட்டிலேயே காத்திருந்தது. எழுதியவர் அதை அச்சில் காணவில்லை. அதைப் படித்துச் சிரித்த குழந்தைகளையும் காணவில்லை. ஆயினும் கதை பிழைத்தது. எழுதுபவர் ஒருவர், பேணுபவர் பலர் என்று இருந்தால்தான் ஒரு நூல் வாழும் என்பதை அப்போது உணர்ந்தேன்.

இதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றுக்கு நிகராகச் சாத்திர தானத்தை வைத்த மரபு உங்களுடையது. 10-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுக்கச் செய்து வழங்கினார். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, பொருள் விளங்காத இடங்களைத் தெளிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமண அன்பர்கள் துணைநின்றார்கள்.

எழுதுபவருக்கும் ஒரு கடமை உண்டு. அதனை அழ. வள்ளியப்பாவிடம் கற்றேன். 1922-இல் புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் பிறந்த அவர், பல்லாண்டுகள் வங்கியில் பணியாற்றிக்கொண்டே குழந்தைகளுக்குப் பாடினார். தாம் மட்டும் எழுதினால் போதும் என்று இராமல், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றவும் உழைத்தார். வயிற்றுக்கு ஒரு வேலை, எழுத்துக்கு ஒரு வேளை, துணைக்கு நாலு பேர் என்பதே அவர் வாழ்வில் நான் கண்ட பாடம்.

நானும் மாலையில் தனிப்பயிற்சி நடத்தினேன், விடியற்காலையில் எழுதினேன். திரும்பி வந்த கதையை இருபது படிகள் நகலெடுத்து, ஊசிநூலால் தைத்து, தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். சில நாள் கழித்து ஒரு சிறுமி வந்தாள். அவள் கையிலிருந்த படியின் ஓரங்கள் மடங்கி, எண்ணெய்க் கறை ஏறியிருந்தது. "அந்த ஆமை அப்புறம் வீட்டுக்குப் போச்சா, தாத்தா?" என்று கேட்டாள். அதற்கு விடையாகத்தான் அடுத்த கதையைத் தொடங்கினேன். முதற்கதை இன்றுவரை அச்சேறவில்லை. அதனால் ஒரு காசும் வரவில்லை. ஆனாலும் என் எழுதுகோல் மூடிக்கிடக்கவில்லை.

பெருமக்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். திருநாளிலும் பிறந்தநாளிலும் நீங்கள் செய்யும் தானங்களோடு, ஒரு குழந்தைக்கு ஒரு தமிழ்க் கதைநூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்க இயலாதவர்கள் வீட்டிலுள்ள நூலை உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அன்று ஓலையில் படியெடுத்தவர்கள் செய்த அறத்தையே நீங்களும் செய்தவர்கள் ஆவீர்கள். எழுதுபவரும் சோர்வின்றி எழுதுவார்.