ஆயாக் கொட்டகை யாரைக் கேட்டுக் கட்டுவது?



தோட்டத்தில் பிள்ளை பராமரிப்பு நிலையம் வருகிறதென்றால், நம்மில் பலர் திறப்பு விழாவன்றுதான் அதைப் பார்க்கிறோம். குறை சொல்வதும் அன்றுதான் தொடங்குகிறது.

வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஒழுக்குக் குறையும். ஆகவே பால் வெட்டும் தாய் இருட்டிலேயே பெரட்டுக்குப் போகிறாள். எட்டு மணிக்குத் திறக்கும் நிலையம் அவளுக்கு எதற்கு? இந்தக் கணக்கு, பட்டணத்தில் படம் வரைபவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய நேரம், அடித்தளம் போடுவதற்கு முன்பு.

சட்டத்தையும் அறிந்துகொள்வோம். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட 4 பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணத்துக்குப் பார்க்கும் நிலையம் பதிவு பெற வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளானால், 3 பேருக்கு ஒரு பராமரிப்பாளர். ஓர் ஆயா பத்துத் தொட்டில் ஆட்டியதைச் சிலர் பெருமையாகப் பேசுவதுண்டு. அதில் பெருமை ஏதுமில்லை.

மாலையில் கூட்டம் வைத்தால் ஆண்கள் வருவார்கள்; பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். ஓய்வு நாளில், கோயில் மண்டபத்தில் பாய் விரிப்போம். லயத்துக்கு ஒரு தாயாவது பேசட்டும். பாட்டிமாரை விட்டுவிடக் கூடாது. இன்று பிள்ளை பார்ப்பவர்கள் அவர்களே. பக்கத்து லயத்து இந்தோனேசியக் குடும்பத்தையும் அழைப்போம். அவர்கள் பிள்ளையும் பிள்ளைதானே!

எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்கு விட வேண்டும், குழாய் எங்கே, சாக்கடை எங்கே, லாரிப் பாதை எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கையொப்பமிட்டு, நிர்வாகியிடம் கொடுப்போம். ஒரு பிரதி நம்மிடமும் இருக்கட்டும்.