குடும்பத்தில் வரும் கொலஸ்திரோல்: காலத்தோடு அறிவோம்

(நூற்றாண்டு விழாவில் மருத்துவத் துறை சார்ந்த பழைய மாணவிகள் வழங்கிய உரை)



நூற்றாண்டு காணும் சங்கத்தின் மேடையில் எமக்குத் தரப்பட்ட சில நிமிடங்களை ஒரேயொரு விடயத்துக்குப் பயன்படுத்த விரும்புகின்றோம்.

எங்கள் ஊர்களில் 40 வயதில் ஒருவர் மாரடைப்பால் இறந்தால் ‘யோசனை கூடிப் போச்சு’ என்பார்கள். அவருடைய தம்பியும் அப்படியே போனால் ‘அந்தக் குடும்பத்துக்கு ஏதோ தோஷம்’ என்பார்கள். அத்தகைய வீடுகள் சிலவற்றில் இருப்பது தோஷமன்று. பரம்பரையாக வரும் உயர் கொலஸ்திரோல்.

கொலஸ்திரோல் என்றதும் தேங்காய்ப்பாலும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். இது வேறு. எமது ஈரற் கலங்களில் உள்ள வாங்கிகள், எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்திரோலை இரத்தத்திலிருந்து பிடித்து அகற்றுகின்றன. அதற்கான பரம்பரையலகில் குறை இருந்தால், பிறந்த நாள் முதலே கொலஸ்திரோல் இரத்தத்தில் தேங்கி, இரத்தக் குழாய்களில் படியத் தொடங்கும். இந்த வாங்கிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுண், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். ஒல்லியானவருக்கும் சைவ உணவு உண்பவருக்கும் இந்நோய் இருக்கலாம். உணவுக் கட்டுப்பாடு உதவும். அது மட்டும் போதாது.

உயிரியல் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் படித்தோம். அங்கே கண்ட ஆட்சியான இயல்பு போன்றதே இதுவும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 வீத வாய்ப்பு உண்டு. மகன், மகள் என்ற பேதமில்லை. ஏறக்குறைய 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இது இருப்பதாகக் கணிக்கப்படுகின்றது. தாய், தந்தை இருவருக்கும் இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில், பிள்ளைக்கு இரு பக்கத்தாலும் வந்து சேரும். அப்பிள்ளைக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரக்கூடும். சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்கள் இதனை மனதிற்கொள்ள வேண்டும்.

குதிக்காலின் பின்நாண் தடித்தல், விரல் மூட்டுகளின் மேல் கட்டிகள், 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெண்வளையம் என்பன அடையாளங்கள். பலருக்கு எந்த அடையாளமும் இராது. இரத்தப் பரிசோதனையே வழி. வளர்ந்தவரின் எல்.டி.எல். 190 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்நோயைச் சந்தேகிக்க வேண்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள சகோதரிகளின் அறிக்கையில் அதே அளவு 4.9 என்று இருக்கும். சிறிய எண்ணைக் கண்டு ஏமாற வேண்டாம். குடும்பத்தில் இந்நோய் உள்ள பிள்ளைக்கு 160, அதாவது 4.1, இருந்தாலே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இதற்கு மருந்து உண்டு. ஸ்ரற்றின் வகை மாத்திரைகள் எமது அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குகளிலும் வழங்கப்படுகின்றன. விசேட வைத்தியரின் கண்காணிப்பில் 8 முதல் 10 வயதளவிலேயே தொடங்கலாம். தாய்மையடைய எண்ணும் பெண்கள் மருந்தைப் பற்றி முன்கூட்டியே வைத்தியருடன் பேச வேண்டும்.

மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று இதனை மறைக்கும் வீடுகள் உண்டு. மறைப்பதால் நோய் போவதில்லை. கண்டறிந்து காலத்தோடு மருந்து எடுப்பவர் மற்றவர்களைப் போல வாழலாம். அறியாமல் இருப்பவருக்கே ஆபத்து.

சகோதரிகளே, யார் எந்த வயதில், எதனால் மறைந்தார் என்பதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே அறிவோம். ஆண்களில் 55 வயதுக்கு முன், பெண்களில் 60 வயதுக்கு முன் மாரடைப்பு வந்தவர்களை எழுதி வையுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் நீங்களும் பிள்ளைகளும் பரிசோதியுங்கள். ஒருவருக்கு நோய் உறுதியானால், எந்த நாட்டில் இருந்தாலும் உடன்பிறந்தோர் அனைவருக்கும் அறிவியுங்கள். வாட்ஸ்அப்பில் நாள்தோறும் காலை வணக்கம் அனுப்புகின்றோம். அதனோடு இந்தச் செய்தியும் போகட்டும்.