சித்திரைப் பௌர்ணமியும் ஜீப் வரிசையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடைச் சுற்றுலாவைப் பற்றிப் பேசு என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் சென்னையில் இன்சூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் பார்க்கிறவன், எனக்கென்னப்பா தெரியும் என்றேன். "வருஷா வருஷம் சீசன்ல குடும்பத்தோட வந்து மாட்டிக்கிட்டு முழிக்கிறேல்ல, அதைச் சொல்லு" என்றார். சரி, சொல்லிவிடுகிறேன்.

சித்திரை, வைகாசி வந்தால் நம் பள்ளத்தாக்குக்கு வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள். கையில் ஒரு பட்டியல் இருக்கும். காலையில் கும்பக்கரை, மத்தியானம் சுருளி, சாயங்காலம் மேகமலை, மறுநாள் தேக்கடி. மேப்பில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கம்தான். ஆனால் கோடையில் அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருகிறவர் எத்தனை பேர்? மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து ஏறினால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. இருட்டுகிற நேரத்தில் வனத்துறை செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள். வீரபாண்டித் திருவிழா நடக்கிற எட்டு நாளும் தேனி - கம்பம் ரோட்டில் பஸ் நேர்வழியில் போகாது. இது தெரியாமல் வந்து, "உங்க ஊரு சரியில்ல சார்" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு.

இங்கேயே பிறந்து வளர்ந்த நானும் ஒரு வருஷம் அப்படித்தான் வந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மங்கலதேவி கண்ணகி கோயிலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரை வழியாக நடந்து, பதினான்காம் நாள் கண்ணகி விண்ணேறிய மலை இதுதான் என்று 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அடையாளம் காட்டினார். கடல் மட்டத்திலிருந்து 1,337 மீட்டர் உயரம். பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருப்பதால், வருஷத்தில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டும்தான் பக்தர்களை விடுகிறார்கள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஏற்பாடு செய்கிறது. கூடலூர்ப் பக்கம் பளியங்குடியிலிருந்து ஆறரை கிலோமீட்டர் மலைப்பாதையில் நடக்கலாம். நடக்க முடியாதவர் குமுளிக்குப் போய் ஜீப் பிடிக்க வேண்டும்.

என் அம்மா அந்த மலையை ஒருநாளும் ஏறினதில்லை. ஆனால் பார்க்காத நாள் இல்லை. விடியுமுன் தூக்குவாளியில் சோற்றைக் கட்டிக்கொண்டு, ஜீப்பில் பதினைந்து பேரோடு நெருக்கி உட்கார்ந்து, குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர். என் மூன்று வருஷ பி.காம். ஃபீஸ் அந்தக் கூலிதான். சித்திரைப் பௌர்ணமிக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். அதனால் போகவில்லை. "ஒருக்கா பாத்துட்டு வந்துரணும்ப்பா" என்று மட்டும் சொல்லுவார்.

2016 ஏப்ரலில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் நாள் ராத்திரி சென்னையில் பஸ் ஏறினேன். காலையில் தேனியில் இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு குமுளி சேரும்போது மணி பத்தரை. ஜீப்புக்கு நிற்கிற வரிசை தெரு முனை தாண்டி வளைந்து கிடந்தது. நடுவில் நுழைய ஆள் பிடிக்கலாமா என்று ஒரு டிரைவரிடம் மெல்ல விசாரித்தேன். "சார், அஞ்சு மணிக்கு வந்தவங்களே இப்பத்தான் ஏறுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் குடை கொண்டுவரத் தோன்றவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, இருந்த தண்ணீரையும் கீழேயே வைத்துவிட்டேன். காலையில் அம்மாவைச் சாப்பிட வைக்கவும் இல்லை.

வரிசையில் நின்றுகொண்டே அம்மா சிரித்தார். "வேலைக்குப் போகயில ஜீப்பு நமக்காக நிக்கும். சாமி கும்பிட வந்தா நாம ஜீப்புக்காக நிக்க வேண்டியிருக்கு."

பன்னிரண்டு மணிக்கு அப்படியே என் தோளில் சரிந்துவிட்டார். பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை, கல்லூரி மாணவிதான், தன் கேனிலிருந்து தண்ணீர் தெளித்து, துப்பட்டாவால் விசிறினாள். மருத்துவ முகாமில் ஒரு மணி நேரம் படுக்க வைத்தோம். அதற்குமேல் மலையாவது கோயிலாவது. திரும்பி வரும் பஸ்ஸில், "மலைய இங்கயிருந்தே பாத்தாச்சுல்ல, விடு" என்றார். எனக்கு லோயர்கேம்ப் தாண்டும்வரை தலை நிமிரவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. கப்பல் வேலையில் இருக்கும் நம் வகுப்பு நண்பர் ஒருவர் கிரேக்கத் தீவுகளைப் பற்றிச் சொன்னார். சாண்டோரினி என்று ஒரு தீவு. ஊர் ஜனம் பதினைந்தாயிரம் சொச்சம்தான். சீசனில் சில நாள் உல்லாசக் கப்பல்களிலிருந்து மட்டும் 17,000 பேர் வரை இறங்கினார்களாம். 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 என்று வரம்பு கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட்டில் பலத்த வடகாற்று கிளம்பினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். வெயிலில் மூட்டையோடு துறைமுகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அங்கேயாவது ஜூனிலோ செப்டம்பரிலோ போய்க்கொள்ளலாம். கண்ணகிக்கு ஏது ஜூன்? அந்த ஒரு நாளை விட்டால் அடுத்த வருஷம்தான். நம் அம்மா அப்பாவுக்கு எத்தனை அடுத்த வருஷம் இருக்கிறது என்று யார் கணக்குச் சொல்வது?

2017இல் பௌர்ணமி மே மாதம் வந்தது. இந்தத் தடவை இரண்டு நாள் முன்னதாகவே வந்து கம்பத்தில் சித்தி வீட்டில் தங்கினோம். ராத்திரி மூன்றரைக்கு எழுந்து, இட்லியைச் சாப்பிட வைத்து, எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர், குடை, உட்கார ஒரு பிளாஸ்டிக் முக்காலி என்று எல்லாம் எடுத்துக்கொண்டேன். முக்காலியைப் பார்த்துச் சித்தப்பா கேலி செய்தார். வரிசையில் நிற்கும்போது நாலு பேர் அதைக் கடன் கேட்டார்கள். ஏழரைக்கெல்லாம் மேலே போய்விட்டோம்.

சந்நிதியில் நின்றது இரண்டு நிமிஷம்கூட இராது. நகரு நகரு என்றார்கள், நகர்ந்தோம். வெளியே வந்து, இடிந்த மதிலோரம் முக்காலியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடந்தது. "அந்தா கூடலூரு. அங்கிட்டு கம்பம். அந்தப் பச்சை திராட்சைத் தோட்டமா இருக்கும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கேரளப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தார். தோட்டம் எந்தத் திசை என்று தேடியிருக்கிறார். "இம்புட்டு தூரமாப்பா தினமும் போயிட்டு வந்தோம்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

தம்பிகளுக்கு ஒன்று. கோடையில் காட்டுப் பாதை என்றால் விளையாட்டு இல்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேற வந்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அனுமதி இல்லாத பாதையில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போன மாதம் அம்மா போனில், "சித்தியும் போகணும்ங்குது, அதையும் ஒருக்கா கூட்டிட்டுப் போப்பா" என்றார். என் சித்தி மாதிரி, மலையடியிலேயே இருந்தும் போகாதவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருப்பார்கள். வருகிற சித்திரைப் பௌர்ணமிக்கு அவர்களைச் சேர்த்து அழைத்துப் போகலாம். கம்பம், கூடலூரில் வீடு உள்ள நண்பர்கள் முதல் நாள் ராத்திரி படுக்க இடம் கொடுங்கள். வரிசையில் துணைக்கு நிற்க மாணவர்கள் இருபது பேர் வந்தால் போதும். முக்காலி நான் கொண்டுவருகிறேன். பெயர் எழுதுகிற நோட்டு வாசல் மேஜையில் இருக்கிறது. சாப்பிடப் போகும்முன் எழுதிவிட்டுப் போங்கள்.