மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதுங்கள்

(மூத்தோருக்கான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



“சாவைப் பற்றி இப்போது என்ன பேச்சு? வாயில் நல்ல வார்த்தை வராதா?” இந்தப் பேச்சை எடுத்தவுடன் நம் வீடுகளில் வரும் முதல் பதில் இதுதான். பிள்ளை கேட்டால் இன்னும் மோசம். “இவன் இப்போதே கணக்குப் பார்க்கிறான்” என்று சித்தப்பா வீடுவரை செய்தி போய்விடும். அதனால் பிள்ளையும் கேட்பதில்லை, பெற்றோரும் சொல்வதில்லை. நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தொடர்புத்துறையில் பட்டயம் பெற்றவள். சட்டம் படித்தவள் அல்ல. நுணுக்கங்களை எனக்குப் பின் பேசவிருக்கும் வழக்கறிஞரிடம் விட்டுவிட்டு, வீட்டில் நடப்பதைப் பேசுகிறேன்.

திட்டமிடுதல் என்றாலே நாம் உயிலைத்தான் நினைக்கிறோம். உயில், ஒருவர் கண்ணை மூடிய பிறகு பேசும் பத்திரம். ஆனால் இன்று நம் முதுமை நீண்டுவிட்டது. சிக்கல் பல நேரங்களில் அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு மறதிநோய் முற்றிவிட்டது. பணிப்பெண் சம்பளம், மருந்து, சக்கர நாற்காலி என்று மாதாமாதம் செலவு. பணம் இல்லாமல் இல்லை. அம்மாவின் பெயரில் வங்கியில் இருக்கிறது. மகள் வங்கிக்குப் போகிறாள். பெற்ற மகள் என்பது அங்கே உறவுதான், அதிகாரம் அல்ல. அம்மாவின் ஏடிஎம் ரகசிய எண் தெரியும் என்பதும் சட்டம் தந்த அதிகாரம் ஆகாது. அம்மா எழுத்தில் யாரையும் நியமிக்கவில்லை என்றால், அவருக்காக முடிவெடுக்கும் பிரதிநிதியாகத் தன்னை நியமிக்கும்படி மகள் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும். மருத்துவர் அறிக்கை, செலவு, காத்திருப்பு எல்லாம் உண்டு. அண்ணன் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது வேறு கதை.

இதைத் தவிர்க்க சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டிலிருந்து வழி இருக்கிறது. ‘எல்பிஏ’ என்கிற நீடித்த அதிகாரப் பத்திரம். 21 வயது நிரம்பிய எவரும் செய்யலாம். ‘எனக்கு முடிவெடுக்கும் திறன் போய்விட்டால் என் நலனையும் என் பணம், சொத்து விவகாரங்களையும் இன்னார் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று எழுதிவைப்பது. ஒருவரையும் நியமிக்கலாம், ஒருவருக்கு மேற்பட்டவரையும் நியமிக்கலாம். பிள்ளை இல்லாதவர் நம்பிக்கையான நண்பரை நியமிக்கலாம். கையெழுத்துப் போட்ட மறுநாளே மகன் வீட்டை விற்றுவிடுவானோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். திறன் போன பிறகுதான் அந்தப் பத்திரத்துக்கு உயிர் வரும். அதுவரை மனம் மாறினால் ரத்து செய்துவிடலாம்.

ஒரே ஒரு நிபந்தனைதான் கறாரானது. எழுதும்போது மனம் தெளிவாக இருக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ மனநல மருத்துவரோ உங்களிடம் பேசி, புரிந்துதான் செய்கிறீர்கள் என்று சான்றளிக்கவேண்டும். பெயர்கள் நழுவத் தொடங்கி, நோய் முற்றிய பிறகு ஓடினால் கதவு மூடியிருக்கும்.

அடுத்தது மத்திய சேமநிதி. “உயிலில் எழுதிவிட்டேன், மசேநி பணம் மூத்தவளுக்கு” என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்கவேண்டும். உயில் மசேநி சேமிப்பைத் தொடாது. அதற்குத் தனியாக நியமனம் செய்யவேண்டும். கட்டணம் இல்லை, இரண்டு சாட்சிகள் போதும். அவர்கள் பணம் பெறுபவராக இருக்கக்கூடாது. நியமனம் இல்லாவிட்டால் பணம் பொது அறங்காவலரிடம் போய், கட்டணம் கழிக்கப்பட்டு, சட்டப்படி பங்கிடப்படும். இன்னொன்று: திருமணம் செய்தால் பழைய நியமனம் தானாக ரத்தாகிவிடும். மணவிலக்கு செய்தால் ரத்தாகாது! பிரிந்துபோனவரின் பெயர் அப்படியே இருக்கும். இதைப் படித்தபோது நானே இருமுறை சரிபார்த்தேன்.

இது முதியவர்களின் கவலை மட்டும் என்று எண்ணவேண்டாம். தாயைத் தன்னோடு வைத்துக் காப்பாற்றும் மகன், மனைவியும் பிள்ளைகளும் இருக்க, உயில் இல்லாமல் இறந்துவிட்டால், சட்டப்படி மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. தாய்க்குப் பங்கு இல்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுரிமை ஃபராயிட் முறைப்படி அமையும். அதை முறையாக விசாரித்துக்கொள்ளுங்கள். எல்பிஏ எல்லாருக்கும் பொது. ஊரில் பூர்வீக நிலம் இருந்தால் அது இந்தியச் சட்டத்தில் வரும். அதற்கான காகிதங்களைத் தனியே எடுத்துவையுங்கள்.

மருத்துவமனை வாசலில் “அப்பா என்ன விரும்பியிருப்பார்?” என்று மருத்துவர் கேட்கும்போது மூன்று பிள்ளைகள் மூன்று பதில் சொல்வதைவிட, அப்பாவே முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் தம் விருப்பத்தைப் பேசிப் பதிவுசெய்திருந்தால் பிள்ளைகளின் மனபாரம் குறையும். குணமாகாத இறுதிக் கட்டத்தில் செயற்கையாக உயிரை நீட்டிக்கவேண்டாம் என்பவர்களுக்கு, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முன்கூட்டிய மருத்துவ உத்தரவு என்று தனிப் பத்திரம் உண்டு. அதற்கு இரு சாட்சிகள், ஒருவர் மருத்துவர்.

சரி, பேச்சை எப்படித் தொடங்குவது? பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அப்பாவின் பத்திரத்தைக் கேட்காதீர்கள், முதலில் உங்களுடையதை எழுதுங்கள். “நான் எல்பிஏ செய்யப்போகிறேன், எனக்கு ஏதாவது ஆனால் யாரை நம்பலாம் சொல்லுங்கள்” என்று அப்பாவிடமே யோசனை கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு வாரம் கழித்து, “அந்தப் பாரத்தை எனக்கும் காட்டு” என்றார். பேச்சு சொத்தில் நிற்கவில்லை. கொள்ளியை யார் வைப்பது, மண்டாயில் எத்தனை மணிக்கு, அஸ்தியைக் கடலில் கரைப்பதா என்பதுவரை அவராகவே சொல்லிக்கொண்டு போனார். அம்மாதான் இடையில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அவரிடம் இன்னும் பேசவேண்டியிருக்கிறது.

எழுதிய பிறகு, காகிதங்கள் எந்த அலமாரியில், எந்தப் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன என்பதை ஒருவருக்காவது சொல்லிவையுங்கள். இனி உங்கள் கேள்விகள். முதல் வரிசையில் கை தூக்கியிருக்கும் அம்மாவிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள்.