முத்துப்பழனியும் பண்டிதர்களின் ஒழுக்கமும்

(இராமநாதபுரத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இந்த இராமநாதபுரத்தில் பிறந்த வேலு நாச்சியார் 1780-ல் சிவகங்கையை மீட்டதை நாம் எல்லோரும் பெருமையாய்ப் பேசுகிறோம். அதே நூற்றாண்டில் தஞ்சையில் எழுத்தாணி பிடித்த ஒரு ஸ்திரீக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதைச் சற்று யோசியுங்கள்.

அவர் பெயர் முத்துப்பழனி. மராட்டிய அரசர் பிரதாபசிம்மன் (1739-1763) சபையில் இருந்த தாசி. தெலுங்கில் "ராதிகா சாந்த்வனம்" என்ற காவியம் பாடியவர். வித்வான்களுக்குத் தாம் பொருள் கொடுத்து ஆதரித்ததையும், புலவர்கள் தமக்கு நூல்களை அர்ப்பணம் செய்ததையும் அந்நூலிலேயே கூசாமல் சொல்லிக்கொள்ளுகிறார். பண்டிதர்களோடு சரிசமமாய்ப் பழகிய பெண் அவர்.

இது எப்படி முடிந்தது? அவர் குடும்ப ஸ்திரீயாய் இல்லாததால்தான் முடிந்தது! "படிப்பு வேண்டுமானால் தாசியாய் இரு, மானம் வேண்டுமானால் மூடமாய் இரு" என்பதே அன்று பெண்களுக்கு வைத்திருந்த தர்மம்.

1910-ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் ஏட்டுப் பிரதியைத் தேடி, முன் அச்சில் விடுபட்டவற்றையும் சேர்த்து இந்நூலைப் பதிப்பித்தார். உடனே ஆபாசம் என்ற கூச்சல் கிளம்பிற்று. விதவா விவாகத்துக்குப் பாடுபட்ட வீரேசலிங்கம் பந்துலு அவர்களே நூலையும் நூலாசிரியையையும் இகழ்ந்தார். "வெட்கம் என்பது பெண்களுக்கு மாத்திரந்தானா?" என்ற கருத்தில் நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். பதில் என்ன? 1911-ல் சர்க்கார் தடையும் பறிமுதலுந்தான்! பிரகாசம் அவர்கள் பிரதம மந்திரியாயிருந்தபோது, 1947-ல்தான் தடை நீங்கிற்று.

கதையோ, ராதை தான் வளர்த்த இளையைக் கண்ணனுக்கு மணம் செய்துவைத்துப் பொறாமையால் வாட, கண்ணன் அவளைக் கெஞ்சித் தேற்றுவது. அந்தக் கண்ணனைக் கோயிலில் வைத்துக் கும்பிடலாமாம்! அவன் லீலைகளை ஆண் கவிகள் பாடினால் பக்தியாம்! பெண் பாடினால் மாத்திரம் ஆபாசமாம்! இது என்ன நியாயம்?

தோழர்களே! பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைச் சென்னை மாகாணத்தில் 1947-ம் வருஷத்துச் சட்டம் தடுத்தது. ஆனால் அந்தப் புத்தி போய்விட்டதா? ஒரு பெண் எழுதினால் எழுதியது சரியா என்று பார்க்கிறோமா, எழுதியவள் எப்படிப்பட்டவள் என்று விசாரிக்கிறோமா? பெண்களை இருட்டில் வைத்த பாவத்தை எந்தச் சேதுவில் முழுகித் தீர்ப்பது? ஆணுக்கு எது ஒழுக்கமோ அதுவே பெண்ணுக்கும் ஒழுக்கம் என்று அவரவர் வீட்டில் ஒப்புக்கொள்ளுவதுதான் அதற்குப் பிராயச்சித்தம்.