வழியில்லாக் காணி



மலைநாட்டில் லயத்து அறைகளிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களிடையே, சொந்தமாக ஒரு துண்டுக் காணி வேண்டும் என்னும் வேட்கை இன்று வலுத்திருக்கின்றது. ஓய்வு பெறும்போது கிடைக்கும் சேமலாப நிதியையும், கொழும்பிலே தொழில் பார்க்கும் மக்கள் அனுப்பும் பணத்தையும் சேர்த்து, ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கங்களில் பத்துப் பேர்ச், பதினைந்து பேர்ச் என்று வாங்குகின்றனர். மாணவரின் பெற்றோர் பலர் உறுதிகளை வாசித்து விளக்குமாறு என்னிடம் கொண்டுவருவதுண்டு. விலையையும் எல்லையையும் பற்றி ஆயிரம் வினாக்கள் கேட்பார்கள், “இக்காணிக்குப் போகும் வழி யாருடையது?” என்று கேட்பவர் மிகச் சிலரே.

இவ்வினா மலைநாட்டில் ஏன் முதன்மை பெறுகின்றது? இங்குள்ள பாதைகளிற் பல ஊர் மக்களுக்கென அமைந்தவையல்ல. கொழுந்தை ஆலைக்கும், தேயிலையைப் புகையிரத நிலையத்துக்கும் கொண்டுசெல்லத் தோட்டங்கள் தமக்கென வெட்டியவை அவை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் சென்றது. நிலமோ பெரும்பாலும் அரசினுடையதாகவே நிற்கின்றது. ஆதலின் நாள்தோறும் நாம் நடக்கும் தோட்டத்து வீதி, நமக்கு உரிமையான வீதி என்று கொள்ளுதற்கில்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் தோட்டத்தை அடுத்த தனியார் காணியொன்றிற் பத்துப் பேர்ச் வாங்குகின்றார். நில அளவைப் படத்திலே பத்தடிப் பாதை தெளிவாகக் காட்டப்பட்டிருக்கின்றது. அவர் மனநிறைவு கொள்கின்றார். ஆனால் அப்பாதை பெருவீதியைச் சென்றடைவதில்லை. தோட்டத்து வீதியிலே போய் முடிகின்றது. அங்கே ஒரு வாயிற்கதவு. இன்றுள்ள துரை நல்லவர்; கதவு திறந்திருக்கின்றது. நாளை வருபவர் பூட்டினால், சீமெந்து ஏற்றிய லொறி கீழேயே நிற்கும். நோயாளியைப் போர்வையிலே கட்டித் தூக்கிவர நேரும்.

“இருபது வருடமாக இவ்வழியே நடக்கின்றோமே, உரிமை வந்துவிடாதா?” என்று கேட்பீர்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பத்தாண்டுகள் இடையறாது, பிறர் உரிமைக்கு மாறாகப் பயன்படுத்திய வழியின்மேல் உரிமை கோரலாம். ஆனால் அனுமதி பெற்று நடந்த வழி அவ்வாறன்று. துரையிடம் கேட்டு நடந்தவர் எத்தனை ஆண்டு நடந்தாலும் அனுமதி பெற்றவரே. அன்றியும், அரசின் உரிமைகளை அச்சட்டம் பாதிப்பதில்லை.

உரோமன் டச்சுச் சட்டத்திலே இன்றியமையா வழி என்றொன்று உண்டு. வெளியேற வேறு வழியே இல்லாத காணிக்கு, அயற்காணியூடாக வழி வழங்குமாறு நீதிமன்றத்தை வேண்டலாம். சுற்றுவழி இருக்கக் குறுக்குவழி கேட்டால் கிட்டாது. வழி கிட்டினும் அதற்கு ஈடு செலுத்த நேரலாம். வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீளும்.

பிரதேச சபை செப்பனிட்ட வீதிதானே என்று ஆறுதல் கொள்வோரும் உளர். தோட்டப் பகுதிகளிலே பிரதேச சபைகள் பணியாற்றுவதற்கு முன்பிருந்த தடையை 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் நீக்கியது நன்மையே. ஆயினும், சபை கொங்கிறீற்று இட்டது என்ற ஒன்றினாலேயே அது பொது வீதியாகிவிட்டதென எண்ணிவிடலாகாது.

எனவே முற்பணம் கொடுக்குமுன் செய்யவேண்டியவை இவை. காணியிலிருந்து பொது வீதி வரை நடந்து பாருங்கள்; ஒவ்வொரு முழமும் யாருடைய நிலம் என்று கேளுங்கள். அவ்வீதி பொது வீதியாகப் பதிவாகியுள்ளதா எனப் பிரதேச சபையில் எழுத்திலே விசாரியுங்கள். பாதையைப் பயன்படுத்தும் உரிமை, படத்தில் மட்டுமன்றி உறுதியின் அட்டவணையிலும் எழுதப்பட்டுள்ளதா என்று நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்திலே தேடுவியுங்கள். அகலத்தையும், நடைபாதையா வாகனப் பாதையா என்பதையும் நோக்குங்கள். நடக்கும் உரிமை வண்டியோட்டும் உரிமையாகாது. அயலவர் வழி தர இசைந்தால் வாய்ச்சொல்லோடு நில்லாது நொத்தாரிசு உறுதியாக எழுதிப் பதிவு செய்யுங்கள். காணி பற்றிய உரிமைகள் அவ்வாறே எழுதப்படல் வேண்டும் என்பது 1840 முதல் இந்நாட்டுச் சட்டம்.

விற்பவர் “வழியைப் பற்றிக் கவலை வேண்டாம்” என்பாராயின், அச்சொல்லையே உறுதியில் எழுதித் தருமாறு கேளுங்கள். எழுதத் தயங்குவாராயின், பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் உழைப்பெல்லாம் ஒரு பூட்டுக்குப் பின்னே அடைபட்டுப் போதல் ஆகாது.